பழைய டெஸ்க்டாப்புக்கு குட்பை... பெரிய ஸ்க்ரீன் கம்ப்யூட்டர் வாங்கப்போறீங்களா? இதைப் படிச்சிட்டு கடைக்குப் போங்க!

"பாப்பா, கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குதும்மா. பட்டனை அமுக்கினா ஒரு டிக் சத்தம், அவ்ளோதான்."

விருத்தாசலத்தில் இருந்து அப்பாவின் போன். அன்றைக்குத் தேதி 17. இதில் தேதி ரொம்ப முக்கியம். அப்பா அங்கே செராமிக் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு யூனிட் நடத்துகிறார். அகல் விளக்கும், கரன்ட் மீட்டர் பக்கத்தில் இருக்குமே, அந்த பீங்கான் பியூஸ் கட்டையும்தான் தயாரிப்பு. மாதாமாதம் 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யணும். தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் அபராதம், வரிக்கு வட்டி தனி. அந்தக் கணக்கு மொத்தமும் வீட்டு ஹாலில் இருக்கும் 2016 மாடல் டெஸ்க்டாப்பில்தான் கிடந்தது. பேக்அப்? அந்த வார்த்தையை நான் போனில் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

நல்லவேளை, போனது எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளை மட்டும்தான். ஊரில் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேஸில் போட்டு, டேட்டாவை எடுத்துக் கொடுத்துவிட்டார். 20-ம் தேதி சாயங்காலம் ரிட்டர்ன் தாக்கல் ஆகிவிட்டது. ஆனால், அன்றைக்கு ராத்திரியே வீட்டில் தீர்மானம் போட்டாச்சு: "புதுசு வாங்கிடலாம். இந்த வாட்டி பெரிய ஸ்க்ரீனா!"

அப்பாவுக்கு 58 வயது. அம்மா மகளிர் சுய உதவிக்குழுவின் கணக்கைத் தமிழில் டைப் செய்பவர். தங்கச்சி காலேஜ் முதல் வருடம், போஸ்டர் டிசைன், வீடியோ எடிட்டிங் எல்லாம் உண்டு. மூன்று பேருக்கும் ஒரே மெஷின், பட்ஜெட் 50,000 ரூபாய். நம்மில் நிறைய வீடுகளின் கதை இதுதான். போன்தான் நம் உலகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கும் பொறுப்பு, 'நீதான் இதெல்லாம் தெரிஞ்சவ' என்று நம் தலையில்தான் வந்து விழும். அந்த நேரத்துக்கு உதவட்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

முதல் கேள்வி: மாத்தியே ஆகணுமா?

கடைக்குப் போகும் முன் இதைக் கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதற்காக மறுநாள் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. வழக்கம்போல ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு அடைப்பு வராது. பேங்க் வேலையும் ஜிஎஸ்டி வேலையும் நடக்கும் மெஷினில் அது சரிவராது. கூடுதல் அவகாசம் கேட்பவர்களுக்கு என ஒரு பாதுகாப்பு அப்டேட் திட்டம் இருக்கிறது. வீட்டு கம்ப்யூட்டர்களுக்கு அதன் கெடுவாக 2026 அக்டோபர் 13 அறிவிக்கப்பட்டது.

விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்பதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. ப்ராசஸர் பெயரில் சின்னக் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். அப்பாவின் மெஷின் ஐ3-6100. முதல் எண் 6, அதாவது ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11 கேட்பது இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், கூடவே டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்பு சிப். சந்தேகமாக இருந்தால் மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச ஆப்பே தீர்ப்பு சொல்லிவிடும்.

உங்கள் மெஷின் தேறிவிட்டால், புது கம்ப்யூட்டரே வேண்டாம். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், ரேமை ஏற்றுங்கள், பெரிய மானிட்டர் மட்டும் புதிதாக வாங்குங்கள். பாதிச் செலவில் வேலை முடிந்தது. தேறவில்லையா? பிரவுசிங்கும் படமும்தான் வேலை என்றால் லினக்ஸ் போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டலாம். எங்கள் வீட்டில் கணக்கு சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும். அதனால் அந்தக் கதவு மூடிவிட்டது.

பெரிய ஸ்க்ரீன்னா எவ்ளோ பெருசு?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறோம். ஸ்க்ரீனின் அளவு மூலைக்கு மூலை இன்ச்சில் சொல்லப்படுகிறது. எங்கள் பழைய மானிட்டர் 18.5 இன்ச், அதாவது சுமார் 41 சென்டிமீட்டர் அகலம், 23 உயரம். 24 இன்ச் என்பது ஏறத்தாழ 53-க்கு 30. 27 இன்ச் 60-க்கு 34. 32 இன்ச் 71-க்கு 40. 24-ல் இருந்து 27-க்குப் போவது மூன்றே இன்ச் வித்தியாசம் மாதிரி தெரியும். பரப்பளவில் கணக்கு போட்டால் கால் பங்குக்கு மேல் கூடுகிறது. வாங்கும் முன் பழைய நியூஸ் பேப்பரை அந்த அளவுக்கு வெட்டி மேசைக்கு மேல் சுவரில் ஒட்டிப் பாருங்கள். சிரிக்காதீங்க, நாங்கள் அதைத்தான் செய்தோம். 32 இன்ச் பேப்பரை ஒட்டியதும் அம்மா சொன்னது: "இது கம்ப்யூட்டரா, சினிமா கொட்டகையா?" எங்கள் மேசையின் ஆழம் ஒன்றரை அடி. அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து 32 இன்ச் பார்த்தால் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்கணும்.

கை நீட்டினால் விரல் நுனி ஸ்க்ரீனைத் தொடுகிற தூரம்தான் பொதுவான கணக்கு. ஸ்க்ரீனின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ, கொஞ்சம் கீழேயோ இருக்கணும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். எதிரில் இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் ஸ்க்ரீனில் ஜன்னல்தான் தெரியும்.

புள்ளி தெரியுதா பாருங்க!

அளவைவிட முக்கியமான விஷயம் ரெசொல்யூஷன், அதாவது ஸ்க்ரீனில் மொத்தம் எத்தனை பிக்ஸல் என்பது. ஃபுல் ஹெச்டி என்றால் 1920×1080. அதே பிக்ஸல்களைப் பெரிய ஸ்க்ரீனில் பரப்பினால் என்ன ஆகும்? ஒரே மாவில் தோசையைப் பெரிதாக ஊற்றினால் ஆவதுதான் ஆகும். அங்கங்கே ஓட்டை தெரியும்.

ஒரு இன்ச்சுக்குள் எத்தனை பிக்ஸல் அடங்குகிறது என்று பார்ப்போம். ஃபுல் ஹெச்டி 24 இன்ச்சில் 92. அதே ஃபுல் ஹெச்டி 27 இன்ச்சில் 82 ஆகக் குறைகிறது. 27 இன்ச்சில் 2560×1440 இருந்தால் 109. இதைக் கடையில் 'க்யூஹெச்டி' அல்லது '2கே' என்பார்கள். 27 இன்ச்சில் 4கே என்றால் 163.

இது நமக்கு ஏன் முக்கியம் தெரியுமா? தமிழுக்காக! ஆங்கிலம் படிக்க 82 போதும்போலத் தோன்றலாம். தமிழில் ஒரு மெய்யெழுத்தின் உயிரே அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது. கடையில் 27 இன்ச் ஃபுல் ஹெச்டி ஸ்க்ரீனில் அம்மாவின் சுய உதவிக்குழு ஃபைலைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தவர், "கடன்னு இருக்கா, கடனன்னு இருக்கா? புள்ளி தெரியலையே" என்றார். ஃபான்ட்டைப் பெரிதாக்கினால் தெரியும்தான். ஆனால் எழுத்தைப் பெரிதாக்கியே ஆகணும் என்றால், பெரிய ஸ்க்ரீன் வாங்கிய லாபம் எங்கே போச்சு?

அதனால் சுருக்கமான விதி இது. 24 இன்ச் வரை ஃபுல் ஹெச்டி ஓகே. 27 என்றால் க்யூஹெச்டிக்குக் கீழே இறங்காதீர்கள். 32 என்றால் முடிந்தவரை 4கே. டெமோ வீடியோவைப் பார்த்து மயங்கவே வேண்டாம், அதில் எல்லா ஸ்க்ரீனும் அழகாகத்தான் இருக்கும். போனிலோ பென்டிரைவிலோ ஒரு தமிழ் பிடிஎஃப்பையும் ஒரு எக்ஸெல் ஷீட்டையும் கொண்டுபோய்த் திறந்து பாருங்கள்.

பேனல் விஷயத்தில் ஐபிஎஸ் கேட்டு வாங்குங்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. மூன்று பேர் ஒரே ஸ்க்ரீனைப் பார்க்கும் வீட்டுக்கு அது தேவை. டிசைன் வேலை உண்டென்றால் 'எஸ்ஆர்ஜிபி' 99 சதவிகிதத்துக்கு அருகில் இருக்கிறதா எனப் பாருங்கள். 144, 165 ஹெர்ட்ஸ் எல்லாம் கேம் ஆடுபவர்களுக்கு. கணக்குப் புத்தகம் 60-லேயே நன்றாக ஓடும்.

நாலு வழி இருக்கு... உங்க வழி எது?

டெஸ்க்டாப்புக்குப் பதிலாகப் பெரிய ஸ்க்ரீன் என்றதும் கடைக்காரர் முதலில் காட்டுவது ஆல்-இன்-ஒன். மானிட்டருக்குள்ளேயே கம்ப்யூட்டர், கேபினட் கிடையாது, ஒரே ஒரு வயர். கேமரா, ஸ்பீக்கர், மைக் எல்லாம் உள்ளேயே. ஹாலில் வைத்தால் அழகாக இருக்கும். தங்கச்சி பார்த்த உடனே, "அக்கா, இதான்க்கா வேணும்!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிரச்னை உள்ளே இருக்கிறது. ஆல்-இன்-ஒன்களில் பெரும்பாலும் லேப்டாப்பில் வரும் வகை ப்ராசஸர்தான் இருக்கும். சில மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. ஏழு வருஷம் கழித்து உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பழசானால், நன்றாக இருக்கும் ஸ்க்ரீனும் அதோடு சேர்ந்து போகும். ஸ்க்ரீன் போனால் கம்ப்யூட்டரும் ஸ்டாண்டோடு சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பணும். இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. 'ஹெச்டிஎம்ஐ இன்' இருக்கும் மாடலாகக் கேளுங்கள். நாளைக்கு உள்ளே இருப்பது செத்தாலும் வெறும் மானிட்டராகப் பயன்படுத்தலாம். ஆல்-இன்-ஒன்னின் பின்னால் ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதே என்று திருப்தி அடைய வேண்டாம். அது பெரும்பாலும் 'அவுட்', இன்னொரு ஸ்க்ரீனுக்குப் படம் அனுப்ப மட்டும்தான்.

இந்த இனத்தின் ராஜா ஆப்பிளின் ஐமேக். 1998-ல் வந்த முதல் ஐமேக்கே மானிட்டருக்குள் கம்ப்யூட்டர்தான். இப்போதைய 24 இன்ச் மாடலில் 4480×2520 பிக்ஸல், எழுத்தெல்லாம் அச்சடித்தது மாதிரி இருக்கும். 27 இன்ச் ஐமேக்கை ஆப்பிள் 2022 மார்ச்சில் நிறுத்திவிட்டது. 2024-ல் வந்த எம்4 ஐமேக்கின் இந்திய அறிமுக விலை 1,34,900 ரூபாயில் தொடங்கியது. பிறகு ரேம் கூட்ட முடியாது, வேறு கம்ப்யூட்டருக்கு வயர் செருகி மானிட்டராகவும் பயன்படுத்த முடியாது. எங்கள் பட்ஜெட்டுக்கு அதைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தோம்.

இரண்டாவது வழி, தனி மானிட்டர் + மினி பிசி. மினி பிசி என்பது டிபன் பாக்ஸ் சைஸில் ஒரு முழு கம்ப்யூட்டர். இன்டெல் 2013 வாக்கில் 'நக்' என்ற பெயரில் இதைப் பரவலாக்கியது. 2023-ல் அது ஒதுங்கிக்கொள்ள, இப்போது அந்த வரிசையை அஸுஸ் தொடர்கிறது. மற்ற கம்பெனிகளிலும் நிறைய மாடல்கள் உண்டு. மானிட்டரின் முதுகில் நான்கு ஸ்க்ரூ ஓட்டைகள் இருக்கும். 100×100 மில்லிமீட்டர், அல்லது 75×75. அதற்கு 'வெசா' என்று பெயர். மினி பிசியை அங்கேயே மாட்டிவிட்டால் முன்னால் இருந்து பார்க்கிறவருக்கு அதுவும் ஆல்-இன்-ஒன்தான். ஆனால் எது போனாலும் அதை மட்டும் மாற்றலாம். குறை? கேமரா, நல்ல ஸ்பீக்கர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் தனித்தனியாக வாங்கணும். வயர்களும் இரண்டு மூன்று கூடும்.

மூன்றாவது, லேப்டாப் + மானிட்டர். ஹாஸ்டல், ஆபீஸ் என்று தூக்கிக்கொண்டு அலைபவர் வீட்டில் ஒரே ஒருவர் என்றால் இதுதான் பெஸ்ட். கரன்ட் போனால் லேப்டாப் பேட்டரி தாங்கும். ஆனால் எங்கள் வீட்டுச் சிக்கல் வேறு. லேப்டாப் வந்தால் அது தங்கச்சியோடு காலேஜுக்குப் போய்விடும். 20-ம் தேதி அப்பா காலி மானிட்டரைப் பார்த்துக்கொண்டு உட்காரணும்.

நான்காவது, 'அதான் வீட்ல டிவி இருக்கே?' என்பது. படத்துக்கு ஓகே, எழுத்துக்கு யோசிக்கணும். 32 இன்ச் ஹெச்டி ரெடி டிவியில் 1366×768 பிக்ஸல்தான், இன்ச்சுக்கு 49. எக்ஸெல் கட்டங்கள் கோலம் மாதிரி தெரியும். 43 இன்ச் 4கே டிவி என்றால் இன்ச்சுக்கு 102, கணக்குப்படி நல்ல எண். ஆனால் நிறைய டிவிகள் நிற விவரத்தைச் சுருக்கிக் காட்டுவதால் சிவப்பு, நீல எழுத்துகளின் ஓரம் மங்கும். செட்டிங்கில் 'பிசி மோடு' இருக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

அந்த 32,000 ரூபாய் ஆஃபர்

ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) 24 இன்ச் ஆல்-இன்-ஒன் 32,000 ரூபாய் என்றார்கள். வெள்ளை நிறம், மெல்லிய ஓரம், பார்க்க அவ்வளவு அழகு. தங்கச்சி செல்ஃபியே எடுத்துவிட்டாள். நான் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்டிக்கரைப் படித்தேன். செலரான் ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். '1 டிபி' என்ற பெரிய எண்ணைத்தான் கடைக்காரர் நான்கு முறை சொன்னார். எஸ்எஸ்டி இல்லாமல் விண்டோஸ் 11 ஓடினால், பட்டனை அமுக்கிவிட்டு டீ போடப் போகலாம், குடித்துவிட்டும் வரலாம்.

ஸ்டிக்கரில் நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்றுதான்.

ப்ராசஸர்: வெறும் 'ஐ5' என்று சொன்னால் ஏற்காதீர்கள், முழு எண்ணைக் கேளுங்கள். ஐ5-1235யூ என்றால் 12-ம் தலைமுறை, கடைசி எழுத்து 'யூ' என்றால் கரன்ட் குறைவாக இழுப்பது. 'ஹெச்' என்றால் வேகம் அதிகம், சூடும் அதிகம். பழைய தலைமுறை ஐ5-ஐவிட புதிய ஐ3 சில சமயம் நன்றாகவே ஓடும்.

ரேம்: பிரவுசிங், கணக்கு மட்டும் என்றால் 8 ஜிபி குறைந்தபட்சம். டிசைன், வீடியோ உண்டென்றால் 16. ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 கடைசியில் இருந்து மெமரி விலை எகிறிவிட்டது. அதனால் 'பிறகு போட்டுக்கலாம்' என்று இப்போது குறைவாக வாங்குவதாக இருந்தால், கூடுதல் ஸ்லாட் இருக்கிறதா என்பதையாவது உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஸ்டோரேஜ்: 512 ஜிபி எஸ்எஸ்டி, முடிந்தால் 'என்விஎம்இ' வகை. பழைய போட்டோ, வீடியோவுக்குத் தனியாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்கள். அதுவே பேக்அப்பும் ஆகும்.

எங்க ஊர்ப் பிரச்னை: கரன்ட்டும் தூசியும்

விருத்தாசலத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும். பழமலைநாதர் கோயில், ஜங்ஷன், அப்புறம் செராமிக். பக்கத்து நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணும் இந்தத் தொழிலுக்கு ஒரு காரணம். செராமிக் படிப்பதற்கென்றே இங்கே அரசுக் கல்லூரி இருக்கிறது. அந்த மண் அப்பாவின் சட்டையில் ஒட்டிக்கொண்டு தினமும் எங்கள் வீட்டுக்கும் வரும். பழைய கேபினட்டைத் திறந்தபோது ஃபேன் மேல் வெள்ளையாக ஒரு படலம், கிட்டத்தட்ட கிளேஸ் பூசியது மாதிரி. காற்றோட்டம் அடைபட்டால் சூடு ஏறும். சூடு ஏறினால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 'கம்ப்யூட்டர் வர வர ஸ்லோவாகுது' என்று நாம் புலம்புவதில் ஒரு பங்கு இதுதான்.

மில், மரக்கடை, முந்திரிக் கம்பெனி, ரோட்டோர வீடு... தூசி எங்கே இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஆல்-இன்-ஒன்னைத் திறந்து சுத்தம் செய்வது நாமே செய்யும் வேலை அல்ல. மினி பிசியில் பல மாடல்கள் நான்கு ஸ்க்ரூவில் திறந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயர் அடித்தால் போதும். அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கரன்ட். நீங்கள் வாங்கும் 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. அதில் பாதிதான் நிஜத்தில் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் 42. பழைய கேபினட்டும் மானிட்டரும் சேர்ந்து 150 வாட் இழுத்தால் கால் மணி நேரம்கூடத் தாங்கியது பெரிய விஷயம். மினி பிசியோ ஆல்-இன்-ஒன்னோ 60 வாட்டில் ஓடினால் 40 நிமிடம் வரை கிடைக்கும். அதே யுபிஎஸ், புதிதாக எதுவும் வாங்கவில்லை!

கரன்ட் பில்லையும் பார்த்துவிடலாம். தினம் 6 மணி நேரம் என்றால் 150 வாட்டுக்கு மாதம் 27 யூனிட், 60 வாட்டுக்கு 11-க்கும் குறைவு. இரண்டு மாத பில்லில் 32 யூனிட் மிச்சம். ஸ்லாப் விளிம்பில் நிற்கும் வீடுகளுக்கு அந்த 32 பெரிய விஷயம்.

பில் போடும்போது கவனிங்க

ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் குறைவாக இருக்கும். ஆனால் ரிப்பேர் என்றால் யார் வருவார்? 'ஆன்-சைட் வாரன்டி' என்றால் ஆள் வீட்டுக்கு வருவார். 'கேரி-இன்' என்றால் நாம்தான் தூக்கிக்கொண்டு போகணும். 27 இன்ச் கண்ணாடியை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவதைக் கற்பனை செய்து பாருங்கள். கம்பெனியின் சைட்டில் உங்கள் பின்கோடைப் போட்டு, உங்கள் ஊருக்கு ஆன்-சைட் சேவை உண்டா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். 600-ல் தொடங்கும் சென்னை பின்கோடுக்குக் கிடைக்கும் பதிலும், எங்கள் 606001-க்குக் கிடைக்கும் பதிலும் எல்லா நேரமும் ஒன்றாக இருக்காது. டெட் பிக்ஸல் இருந்தால் மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்பதையும் பில் போடும் முன் கேளுங்கள்.

வீட்டில் யாராவது ஜிஎஸ்டி பதிவோடு தொழில் செய்து, அந்தத் தொழிலுக்குத்தான் கம்ப்யூட்டர் என்றால், அந்த எண்ணைச் சொல்லி பில் வாங்குங்கள். கம்ப்யூட்டருக்கு வரி 18 சதவிகிதம். 50,000 ரூபாய் பில்லுக்குள் 7,627 ரூபாய் வரி இருக்கிறது. வழக்கமான முறையில் வரி கட்டுபவர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு முன்பு 28 சதவிகிதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18 ஆகிவிட்டது. யாராவது பழைய கணக்கு சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பழசை என்ன பண்றது?

பழைய இரும்புக்காரரிடம் அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். டெலீட் செய்தது எல்லாம் அழிந்துபோகாது. ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், அம்மாவின் குழுவில் இருக்கும் பெண்களின் கடன் விவரம்... எல்லாம் அந்த டிஸ்க்கில் கிடக்கும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் வாங்கிப் போட்டால் பேக்அப் டிஸ்க்காக உதவும். மீதியை இ-வேஸ்ட் எடுக்கும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ, கம்பெனியின் திரும்பப் பெறும் திட்டத்திலோ கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் இ-வேஸ்ட் விதிகள், மறுசுழற்சிக்கான பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன.

கடைசியா நாங்க என்ன வாங்கினோம்?

கடைசிச் சுற்றில் நின்றது இரண்டு. 24 இன்ச் ஆல்-இன்-ஒன் ஒன்று, நல்ல மாடல்தான், 16 ஜிபி ரேம், ஆனால் பற்றவைத்தது. இன்னொன்று, 27 இன்ச் க்யூஹெச்டி மானிட்டரும் மினி பிசியும். தங்கச்சி முதலாவதற்கு, நான் இரண்டாவதற்கு. அம்மா எதில் புள்ளி தெரியுமோ அதற்கு. அப்பா எதுவும் பேசாமல் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ரேம் மாத்த முடியாதா?"

"முடியாதுப்பா. போர்டுலயே பத்தவெச்சுட்டாங்க."

"அப்போ இது சூளையில வெந்த மண்ணு. பச்சை மண்ணுன்னா கோணலா இருந்தா தண்ணி தெளிச்சு திருப்பிப் பண்ணிக்கலாம். வெந்துட்டா உடைக்கத்தான் முடியும். நமக்கு அந்த இன்னொண்ணு போதும்மா."

பட்ஜெட்டைவிட 4,000 ரூபாய் கூடியது, கேமராவும் ஸ்பீக்கரும் தனியாக வாங்கியதில். தங்கச்சிக்கு இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள் 27 இன்ச்சில் போஸ்டர் போட்டுப் பார்த்ததும் தணிந்துவிட்டது. ஆனாலும், "வயர்தாங்க்கா அசிங்கமா இருக்கு" என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் சொல்வதும் நிஜம்தான். உங்கள் வீட்டில் வேலை குறைவு, இடம் குறைவு, பார்க்க அழகு முக்கியம் என்றால் நல்ல ஆல்-இன்-ஒன்னும் தப்பில்லை. அது வெந்த மண் என்று தெரிந்தே வாங்குங்கள், தேவைக்கு ஒரு படி கூடுதலாக வாங்குங்கள், அவ்வளவுதான்.

போன வாரம் 19-ம் தேதி ராத்திரி அப்பா போன் செய்தார். எடுக்கும்போதே எனக்கு அடிவயிறு கலங்கியது.

"ரிட்டர்ன் போட்டாச்சும்மா. அந்த பேக்அப்பு, அதுவும் எடுத்துட்டேன். அம்மா கேக்கச் சொன்னா... எழுத்தை இன்னும் கொஞ்சம் சின்னதாக்கினா ஒரே பக்கத்துல முழுக் கணக்கும் தெரியுமாமே, அது எப்படி?"